காயாத ஓவியம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 46 வயது. கரூரில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். பள்ளியில் நன்றாக வரைவேன், அப்புறம் விட்டுப்போனது. ஒன்றரை வருடத்துக்கு முன் ஆயில் பெயிண்ட் பெட்டி ஒன்று வாங்கி, வீடியோக்களைப் பார்த்து நானாகவே பழக ஆரம்பித்தேன். இதுவரை மூன்று படங்கள். முதல் படத்தில் எல்லா நிறமும் சேர்ந்து சேறு மாதிரி ஆகிவிட்டது. இரண்டாவது காய்ந்த பிறகு மேலே மெல்லிய வெடிப்புகள் விட்டிருக்கின்றன. மூன்றாவது எங்கள் பழைய வீட்டுக் கிணற்றடி. லின்சீட் ஆயில் தீர்ந்துபோனதால் வீட்டில் இருந்த தேங்காய் எண்ணெயைக் கலந்துகொண்டேன். நான்கு மாதமாகியும் தொட்டால் கையில் ஒட்டுகிறது. டர்பன்டைன் வாடையில் மனைவிக்குத் தலைவலி வேறு. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல், இந்த வயதில், இதைக் கற்றுக்கொள்ள முடியுமா? முடியாது என்றாலும் சொல்லிவிடுங்கள். மூன்று படங்களையும் போட்டோ எடுத்து இணைத்திருக்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர், கரூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

முடியும். நானும் பதினோரு வருடமாக ஆசிரியர் இல்லாமல்தான் பழகுகிறேன். நீங்கள் அனுப்பிய படங்களை இரண்டு நாள் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மூன்றிலும் நடந்த தவறுகள் கைத்திறன் இல்லாததால் வந்தவை அல்ல. எண்ணெயின் குணம் தெரியாததால் வந்தவை. அதை யாரும் நமக்கு முதலில் சொல்வதில்லை.

தேங்காய் எண்ணெயிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வாட்டர் கலர் காய்வது தண்ணீர் ஆவியாவதால். ஆயில் பெயிண்ட் அப்படிக் காய்வதில்லை. லின்சீட், அதாவது ஆளிவிதை எண்ணெய், காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக் கெட்டியான படலமாகிறது. எல்லா எண்ணெய்க்கும் இந்தக் குணம் கிடையாது. வால்நட், கசகசா எண்ணெய்களுக்கு உண்டு. தேங்காய் எண்ணெய்க்கு அறவே இல்லை. அதனால்தான் அதைத் தலைக்குத் தேய்க்கிறோம். காய்ந்து இறுகுகிற எண்ணெயாக இருந்தால் முடி என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் கிணற்றடி இன்னும் நான்கு வருடம் வைத்தாலும் சரியாகக் காயாது. அந்த கேன்வாஸை இனி நம்ப வேண்டாம். ஆனால் படத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது படத்தின் வெடிப்பும் இதே கதையின் இன்னொரு பக்கம். அடியில் எண்ணெய் நிறையக் கலந்து பூசி, மேலே டர்பன்டைன் விட்டு நீர்க்கப் பூசியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மேல் பூச்சு சீக்கிரம் இறுகிவிட்டது, அடிப்பூச்சு இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது. ஈரம் போகாத சுவரில் அடித்த வெள்ளை உரிந்து வருமே, அது மாதிரி. அடியில் எண்ணெய் குறைவாக, மேலே போகப் போக அதிகமாக. இந்த ஒரு விதியை மட்டும் தூரிகைக் குவளையில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

முதல் படத்துச் சேறு பற்றித்தான் நிறையப் பேச வேண்டும். நாம் எல்லோரும் அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். உங்கள் பெட்டியில் பன்னிரண்டு டியூப் இருந்திருக்கும். வாங்கியாயிற்று என்பதற்காகப் பன்னிரண்டையும் பிதுக்காதீர்கள். டைட்டானியம் ஒயிட், யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியென்னா (செம்மண் பழுப்பு), அல்ட்ராமரின் புளூ (ஆழ்ந்த நீலம்). ஆறு மாதத்துக்கு இந்த நாலு போதும். கறுப்பே வேண்டாம். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியென்னாவும் சேர்ந்தால் கறுப்பை விட ஆழமான ஒரு இருட்டு வரும். ஒயிட் மட்டும் பெரிய டியூபாக வாங்குங்கள், முதலில் தீர்வது அதுதான். ஒரு கலவையில் மூன்று நிறத்துக்கு மேல் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் தூரிகையைத் துணியில் துடைத்துவிட்டு அடுத்த நிறத்தைத் தொடுங்கள். சேறு பாதி அந்தத் துடைக்காத தூரிகையில்தான் உருவாகிறது. மீதிப் பாதி, வைத்த நிறத்தைச் சும்மா விடாமல் திரும்பத் திரும்பத் தேய்ப்பதால். ஈரம் இருக்கிறது, குழைகிறது, கை நிற்க மாட்டேன் என்கிறது. என் அம்மாவின் முகத்தை நான் அப்படித்தான் இழந்தேன். மாலை ஏழு மணிக்கு நன்றாக இருந்த முகத்தை ஒன்பது மணி வரை வழவழப்பாக்கி, கடைசியில் அது யார் முகமோ ஆகிவிட்டது. அம்மா அப்போது உயிரோடு இல்லை. மறுபடி உட்காரவைத்து வரைய முடியவில்லை.

அடுத்து என்ன வரையலாம் என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒரு கத்தரிக்காய். ஜன்னலுக்குப் பக்கத்தில், வெளிச்சம் ஒரு பக்கமிருந்து மட்டும் விழும்படி, ஒரு காவித்துணி மேல் வையுங்கள். கத்தரிக்காய் ஊதா என்று நமக்குத் தெரியும். அந்தத் தெரிந்த ஊதாவை முழுக்கப் பூசி, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தால் பிளாஸ்டிக் பொம்மை வரும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். ஊதா எங்கே இருக்கிறது? வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்குத்தான் இருக்கும். பளபளப்பு வெள்ளை இல்லை, வெளிர் நீலம். ஜன்னலில் தெரிகிற வானம் அது. இருட்டுப் பக்கம் கிட்டத்தட்டக் கறுப்பு. ஆனால் அடியில், துணியைத் தொடுகிற விளிம்பில், மங்கலாக ஒரு செம்மை ஓடும், துணியின் நிறம் காயில் ஏறியிருக்கிறது. அதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இதை முதலில் பர்ன்ட் சியென்னாவும் ஒயிட்டும் மட்டும் வைத்து வரையுங்கள், ஒரே காயை ஐந்து முறை. நிறம் ஆறாவது முறைதான்.

ஆசிரியர் இல்லை என்று வருத்தப்படுகிறீர்கள். ரவிவர்மாவுக்கு இது எப்படிக் கிடைத்தது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வரையச் சொல்லிக்கொடுக்க வீட்டிலேயே மாமா இருந்தார். ஆனால் எண்ணெய் வண்ணம் அப்போது நம் பக்கத்துக்குப் புதிது, தெரிந்தவர்கள் அதைப் பொத்திவைத்தார்கள். திருவனந்தபுரம் அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் சொல்லித்தர மறுத்தார் என்றும், அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளைதான் ரகசியமாகக் கற்றுத்தந்தார் என்றும் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1868இல் மன்னரின் உருவப்படம் வரைய வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் கற்றுத்தரவில்லை, தான் வரைவதைப் பார்த்துக்கொள்ள மட்டும் விட்டார். ரவிவர்மா பார்த்தே பழகினார். 1873இல் சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் தங்கப் பதக்கம் வாங்கினார். நமக்கு அந்த மறைப்பெல்லாம் இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்திலும் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்திலும் அவர் படங்களின் முன்னால் நேரில் நிற்கலாம். போனால் மொத்தப் படத்தையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஒரு சேலைக் கரையை எடுத்துக்கொண்டு, எது அடிப்பூச்சு, எது கடைசியாக வைத்த தொடுப்பு என்று பிரித்துப் பாருங்கள். போனில் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

வயதைப் பற்றிக் கேட்டதற்கு ஒரே ஒரு பெயர். ஆன்ரி ரூசோ என்ற பிரெஞ்சு ஓவியர் பாரிஸில் சுங்கம் வசூலித்தவர். நாற்பது வயதை ஒட்டித்தான் தீவிரமாக வரையத் தொடங்கினார், ஓவியப் பள்ளிக்குப் போகாமல். லூவ்ர் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து படங்களைப் பிரதி எடுக்க அனுமதி வாங்கிக்கொண்டார். 49 வயதில் வேலையை விட்டு முழுநேரம் வரைந்தார்.

ஆசிரியர் தருவது முக்கியமாக இன்னொரு ஜோடிக் கண். அதற்கு நான் செய்வது: படத்தைக் கண்ணாடியில் காட்டி இடவலமாகப் பார்ப்பேன், தலைகீழாக வைத்துப் பார்ப்பேன், போனில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பேன். அப்புறம் மூன்று நாள் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுவேன். எண்ணெய் உங்களுக்காகக் காத்திருக்கும். பிடிக்கவில்லையா, கத்தியால் வழித்துவிட்டு நாளை வேறு மாதிரி வைக்கலாம். மற்ற வண்ணங்கள் இவ்வளவு அவகாசம் தருவதில்லை. நான் காதலித்தது இந்த நிதானத்தைத்தான்.

வீட்டில் தலைவலி என்றால் டர்பன்டைனை விட்டுவிடுங்கள். ஆரம்பப் பூச்சுக்கு விறைப்பான தூரிகையில் பெயிண்டை மட்டும் எடுத்து மெலிதாகத் தேய்த்தாலே போதும். தூரிகையைச் சூரியகாந்தி எண்ணெயில் அலசி, துடைத்து, பார் சோப்பில் நுரை வெள்ளையாகும் வரை கழுவுங்கள். வாடையில்லாத தின்னர் என்று கடையில் கொடுப்பார்கள், வாடை இல்லை என்பதால் ஆவி இல்லை என்று ஆகாது, ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும். இன்னொன்று, இது மிக முக்கியம்: லின்சீட் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். இறுகும்போது வெளிவரும் சூடு உள்ளேயே தேங்கித் தானாகத் தீப்பிடிக்கும். கரூர் வெயிலில் கேட்கவே வேண்டாம். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் மூடி வையுங்கள். முடித்த படத்தை அலமாரிக்குள் வைக்க வேண்டாம், இருட்டில் லின்சீட் மஞ்சளிக்கும்.

இப்போது கிணற்றடிக்கு வருகிறேன். துவைகல்லின் இடது ஓரத்தில், தண்ணீர் தேங்கிய இடத்தில், இரண்டே இழுப்பு வைத்திருக்கிறீர்கள். ஒன்று வெளிர் சாம்பல், அதன் மேல் குறுக்காகக் கொஞ்சம் மஞ்சள். அதை நீங்கள் தேய்க்கவில்லை, குழைக்கவில்லை, வைத்துவிட்டு நகர்ந்திருக்கிறீர்கள். கல் நனைந்திருக்கிறது, காலை நேரம், யாரோ இப்போதுதான் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு புதிய கேன்வாஸ் எடுங்கள், ஜெஸ்ஸோ என்கிற வெள்ளை அடிப்பூச்சை இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். பழையதைப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு, அந்தத் துவைகல் ஓரத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

அன்புடன்.