கேள்வி பதில்: தரவுத்தளத்தில் தமிழ் உடைந்தால்

கொழும்பில் பில் மென்பொருள், கடைப் பட்டியல் என்று வேலை செய்பவர்கள் அனுப்பியவை. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் பற்றிய கேள்விதான் அதிகம்.

வெள்ளவத்தை: அண்ணா, பார்மசி ஒன்றின் பழைய பட்டியலைப் புதுச் சேர்வருக்கு மாற்றினோம். பெயர்கள் எல்லாம் தலையில் கீறு போட்ட சின்ன ஏ, வட்டத்துக்குள் ஆர் என்று வருது. பெயர் போயிட்டுதா?

போகேல்லை தம்பி. எழுத்தைக் கணினி பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். அதை மூன்று லத்தீன் எழுத்தாக வாசித்தால் இந்தக் கோலம்தான். எதையும் தொடாமல் பேக்கப் எடுத்துவிட்டு, பெயர்கள் இருக்கும் நிரலை (அட்டவணையின் column) ஹெக்ஸில், அதாவது பைட்டுகளை எண்ணாகக் காட்டும் வடிவில், பாருங்கள். ஈ0 என்று தொடங்கினால் பைட் சரி, நிரலுக்கு ஒட்டிய லத்தீன்1 (ஐரோப்பிய எழுத்துக்கான முறை) என்ற பெயர்தான் பிழை. முதலில் நிரலை வார்பைனரி (எழுத்து முறை ஒட்டாத வெறும் பைட்) ஆக்கி, பிறகு யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்கியூஎல்லில் முழு யூடிஎஃப்-8இன் பெயர்) ஆக்குங்கள். நேரே 'கன்வர்ட் டு' கட்டளை கொடுக்க வேண்டாம். அது குப்பையை உண்மையான எழுத்தென்று நம்பி இன்னொரு தடவை மாற்றும். ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு அதைச் செய்துவிட்டு விடியும்வரை முழித்திருந்தவன் சொல்கிறேன். சி3 ஏ0 என்று தொடங்கினால் அந்த இரண்டாம் மாற்றம் ஏற்கெனவே நடந்துவிட்டது. லத்தீன்1க்குத் திருப்பி, பைனரி ஆக்கி, யூடிஎஃப்8எம்பி4 என வாசிக்க வேணும்.

தெஹிவளை: எனக்கு வெறும் கேள்விக்குறிதான்.

ஹெக்ஸில் 3எஃப் 3எஃப் என்றால் போனது போனதுதான். பேக்கப்பில் தேடுங்கள். மைக்ரோசொஃப்டின் எஸ்கியூஎல் சேர்வர் என்றால், மேற்கோளுக்கு முன்னால் ஆங்கில 'என்' (N) போட மறந்திருப்பீர்கள்.

கொட்டாஞ்சேனை: தமிழும் சிங்களமும் ஒழுங்காக ஏறுது. ஸ்மைலி வந்தால் மட்டும் பிழை 1366.

மைஎஸ்கியூஎல்லின் பழைய 'யூடிஎஃப்8' 3 பைட்டுக்கு மேல் தாங்காது. நம் இரண்டு மொழியும் 3இல் அடங்கும், ஸ்மைலிக்கு 4 வேணும். நிரலையும் இணைப்பையும் யூடிஎஃப்8எம்பி4 ஆக்குங்கள்.

மருதானை: ஓரக்கிள் தரவுத்தளத்தில் 20 நீள நிரலில் 'கொழும்பு' ஏறவில்லை. நாலு எழுத்துத்தானே?

கண்ணுக்கு நாலு. கணினிக்கு க, ஒகரக் குறி, ழ, உகரக் குறி, ம, புள்ளி, ப, மறுபடி உகரக் குறி என்று 8. பைட்டில் 24. அங்கே 20 என்றால் வழக்கமாக 20 பைட். எண்ணுக்குப் பக்கத்தில் 'சார்' (CHAR) என்று எழுதினால் எழுத்துக் கணக்கு.

புறக்கோட்டை: 'கொழும்பு' என்று தேடினால் பாதி வாடிக்கையாளர்தான் வருகினம்.

ஒகரக் குறி ஒரே குறியாகவும் இருக்கும், கொம்பும் காலும் தனித்தனியாகவும் இருக்கும். திரையில் வித்தியாசம் தெரியாது. சேமிக்கும்போதே என்எஃப்சி வடிவுக்கு, அதாவது பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவுக்கு, மாற்றுங்கள். ஆனால் ஸ்ரீ அதற்கும் அடங்காது. 2005இல் யூனிகோட் 4.1 'ஶ'வைச் சேர்த்த பிறகு, 'ஸ' வைத்தும் 'ஶ' வைத்தும் ஸ்ரீ எழுதப்படுகிறது. என்எஃப்சி இரண்டையும் ஒன்றாக்காது, நீங்களேதான் மாற்ற வேணும். நம் ஊர்ப் பெயர்ப் பட்டியலில் ஸ்ரீக்குப் பஞ்சமா!

வத்தளை: எங்கள் பட்டியலில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருக்கு.

அது பாமினி. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உடுப்புப் போட்ட ஃபொண்ட். தரவுத்தளத்தில் ஒரு பிழையும் இல்லை. பாமினி–யூனிகோட் மாற்றியில் போட்டு எடுங்கள். அதே நிரலில் உண்மையான ஆங்கிலப் பெயர்களும் இருந்தால் முன்பே பிரித்து வையுங்கள், இல்லாவிட்டால் அவையும் அர்த்தமில்லாத தமிழாகிவிடும்.