அழகுப் புல் நடுவில் மட்டும் காய்வது ஏன்?

மூன்று வருடமான ஊதா ஃபவுண்டன் புல், ஓரமெல்லாம் செழிப்பு, நடுவில் மட்டும் வைக்கோல் என்று கேட்டிருக்கிறீர்கள். நோய் இல்லை, வயசுதான். தூர் கட்டி வளரும் புல் புதுத் தூரை வெளிப்பக்கமாகவே விடும். நடுவிலிருக்கும் கிழட்டுத் தூர்கள் செத்து, வெளியேற இடமில்லாமல் அங்கேயே கிடக்கும். மருந்தடித்துக் காசைக் கரியாக்காதீர்கள்.

முதலில் தோகையைக் குடுமி மாதிரி கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். பிறகு தரையிலிருந்து அரை அடி விட்டு அறுத்தால் குப்பை சிதறாமல் கட்டாகவே வரும். முழுக்கைச் சட்டை அவசியம், சுணை பொல்லாதது. அடியைக் கடப்பாரையால் நெம்பி எடுத்து, ஓரத் தூர்களை நாலைந்தாகப் பிரித்து, இரண்டடி இடைவெளியில் நடுங்கள். நடுப்பாகம் உரக்குழிக்கு. கத்திரி வெயிலில் வேண்டாம். ஆடி, ஆவணியில் செய்தால் மழைக்குள் வேர் பிடித்துவிடும்.

வெயில் குறைந்தால் ஊதா வெளுத்துப் பச்சையாகிவிடும். யூரியா போட்டால் தோகை நீண்டு சாயும். கைப்பிடி தொழுவுரம் போதும். இந்த ஊதா ரகத்தில் முளைக்கும் விதை அரிது, கண்ட இடத்தில் பரவாது. பச்சை ரகம் அப்படியல்ல; நான் வாங்கமாட்டேன்.

தண்ணீர் தட்டுப்பாடான வீடென்றால் அடுத்த குழியில் வெட்டிவேர் வையுங்கள். ஆளுயரம் நிற்கும், ஓடிப் பரவாது.