குக்கி பேனர் வைத்த பிறகும் ஒப்புதலுக்கு முன்பே குக்கிகள் விழுகின்றனவே, தானாகத் தடுக்க என்ன வழி?

வேர்ட்பிரஸ் கடைத்தளம், வாடிக்கையாளர்கள் ஜெர்மனியிலும் பிரான்ஸிலும், பேனர் பிளகினும் போட்டாயிற்று. ஆனாலும் ‘ஏற்கிறேன்’ பட்டனைத் தொடுவதற்கு முன்பே அனலிட்டிக்ஸ் குக்கி (வருகிறவர்களைக் கணக்கெடுக்க பிரவுசரில் வைக்கப்படும் சிறு பதிவு) வந்துவிடுகிறது என்கிறீர்கள். ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்குத் தளம் செய்துகொடுப்பதுதான் என் தொழில், இந்தக் கேள்வி அடிக்கடி வரும்.

பேனர் வேறு, தடுப்பு வேறு. பேனர் ஒப்புதல் கேட்கும் வெறும் பெட்டி. அது திரையில் நிற்பதால் மற்ற ஸ்கிரிப்ட்கள் (பக்கத்தில் தானாக ஓடும் சிறு நிரல்கள்) நின்றுவிடாது. பிரவுசர் பக்கத்தை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வரும், ஸ்கிரிப்ட் எதிர்ப்பட்டால் ஓட்டிவிடும்.

முதலில் இன்காக்னிட்டோவில் தளத்தைத் திறந்து, பேனரைத் தொடாமல் எஃப்12 அழுத்துங்கள், டெவலப்பர் கருவிகள் திறக்கும். ‘அப்ளிகேஷன்’ பகுதியில் குக்கிகளைப் பாருங்கள். ‘_ஜிஏ’ இருந்தால் கூகுள் அனலிட்டிக்ஸ், ‘_எஃப்பிபி’ இருந்தால் ஃபேஸ்புக் பிக்சல் (இப்போது மெட்டா பிக்சல், விளம்பரக் கண்காணிப்பு நிரல்). அப்புறம் ‘நெட்வொர்க்’ பகுதியையும் பாருங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். குக்கி விழாவிட்டாலும், வெளி சர்வருக்குக் கோரிக்கை போனாலே வருகிறவரின் ஐபி முகவரி அங்கே போய்விடும். கூகுள் ஃபான்ட்ஸை கூகுள் சர்வரிலிருந்தே இழுத்த ஒரு தளம், பார்வையாளருக்கு 100 யூரோ இழப்பீடு தர வேண்டும் என்று மியூனிக் நீதிமன்றம் 2022 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஃபான்ட்களை உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது.

தடுப்பதற்கு நான் நம்பும் வழி, கையால் குறியிடுவது. ஸ்கிரிப்டைப் பக்கத்தில் சேர்க்கும் எச்டிஎம்எல் குறியான ஸ்கிரிப்ட் டேகில் ‘டைப்’ என்ற இடத்தில் ‘டெக்ஸ்ட்/பிளெயின்’ என்று போட்டு, கூடவே அது புள்ளிவிவரமா விளம்பரமா என்று ஒரு வகைப்பெயர் கொடுத்துவிடுங்கள். பிரவுசர் அதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும், ஓட்டாது, வெளியிலிருந்து எதையும் இழுக்காது. ஒப்புதல் கிடைத்ததும் அதே உள்ளடக்கத்தோடு புதிய ஸ்கிரிப்ட் டேக் ஒன்றை உருவாக்கிப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். பழைய டேகின் டைப்பை மட்டும் மாற்றினால் ஓடாது, புதிதாக நுழைப்பது அவசியம். நல்ல ஒப்புதல் பிளகின்கள் இதைத் தாமே செய்துவிடும். யூடியூப், மேப் போன்று வெளித்தளத்தை உங்கள் பக்கத்துக்குள் காட்டும் ஐஃப்ரேம்களுக்கு ‘எஸ்ஆர்சி’யை ‘டேட்டா-எஸ்ஆர்சி’ என்று மாற்றி வையுங்கள். வீடியோ இருக்க வேண்டிய இடத்தில் உங்கள் சர்வரிலேயே உள்ள ஒரு படமும், ‘இதை அழுத்தினால் யூடியூபிலிருந்து வீடியோ வரும்’ என்ற வரியும் இருந்தால் போதும்.

நீங்கள் கேட்ட தானியங்கித் தடுப்பு, பக்கம் உருவாகும்போதே கண்காணித்து, தெரிந்த டிராக்கர் (வருகிறவரைப் பின்தொடரும் ஸ்கிரிப்ட்) முகவரி வந்தால் மறிக்கும். இரண்டாவது வலையாக அது நல்லது, அதை மட்டும் நம்பாதீர்கள். ஒப்புதல் ஸ்கிரிப்ட் ‘ஹெட்’ பகுதியில் எல்லாவற்றுக்கும் முதலாவதாக இருந்தால்தான் அது வேலை செய்யும். கேஷ் பிளகின்கள் வேகத்துக்காக ஸ்கிரிப்ட்களை ஒன்றுசேர்ப்பதும் தாமதப்படுத்துவதும் உண்டு. அந்த வேலையில் ஒப்புதல் ஸ்கிரிப்ட் பின்னுக்குப் போய்விடும், டிராக்கர் முந்திக்கொள்ளும். உங்கள் தளத்திலும் கேஷ் பிளகின் இருந்தால் முதல் சந்தேகம் எனக்கு அதன்மேல்தான். அதன் அமைப்பில் ஒப்புதல் ஸ்கிரிப்டுக்கு விலக்குக் கொடுத்துப் பாருங்கள். தவிர, பிரவுசர் சில கோப்புகளை முன்கூட்டியே இழுத்து வைக்கும். ஓட்டத்தைத் தடுத்தாலும் கோரிக்கை போயிருக்கலாம். சர்வரே அனுப்பும் குக்கியை ஜாவாஸ்கிரிப்ட் எதுவும் தடுக்க முடியாது, அதை சர்வர் பக்கத்தில்தான் நிறுத்த வேண்டும்.

இந்த ஸ்கிரிப்ட்களை ஒரே இடத்திலிருந்து ஏற்றும் கூகுள் டேக் மேனேஜர் வைத்திருந்தால், அது ஏறுவதற்கு முன்பே ஒப்புதல் நிலையை கூகுள் டேக்குகளுக்குச் சொல்லும் கன்சென்ட் மோடில் எல்லாவற்றையும் ‘டினைட்’ என்று அமைத்துவிடுங்கள். அதில் ‘அட்வான்ஸ்டு’ முறை ஒப்புதல் இல்லாமலும் குக்கி அற்ற சமிக்ஞைகளை அனுப்பிக்கொண்டிருக்கும். ஒப்புதல் வரும்வரை டேக்குகளையே ஏற்றாத ‘பேசிக்’கைத்தான் நான் வைப்பேன்.

மறுபக்கம், எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு தடுத்துவிடாதீர்கள். கார்ட், லாகின், ஒப்புதல் நினைவு போன்ற அத்தியாவசியக் குக்கிகளுக்கு ஒப்புதல் கேட்கவே தேவையில்லை.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், வேண்டும். 2009-ல் திருத்தப்பட்ட ஐரோப்பிய இ-பிரைவசி விதி முன்கூட்டிய ஒப்புதலைக் கேட்கிறது. முன்பே டிக் செய்த பெட்டி ஒப்புதல் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் பிளானட்49 வழக்கில் சொல்லிவிட்டது. கேட்காமலே குக்கி போட்டதற்காக பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சிஎன்ஐஎல் 2020 டிசம்பரில் கூகுளுக்கு 10 கோடி யூரோ, அமேசானுக்கு 3.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஆனால் எனக்கு அபராதத்தைவிட இன்னொன்றுதான் பெரிதாகப் படுகிறது. ‘மறுக்கிறேன்’ என்று அழுத்துகிறவர் எஃப்12 திறந்து சரிபார்க்கப் போவதில்லை. நம் வார்த்தையை நம்பிப் பொருள் வாங்க உள்ளே வருகிறார். அந்தப் பட்டனுக்குப் பின்னால் ஒன்றுமே நடக்கவில்லை என்றால், அவரிடம் நாம் பொய் சொல்கிறோம்.

ஒப்புதலைத் திரும்பப் பெறவும் பக்கத்தின் அடியில் ஒரு இணைப்பு வையுங்கள். ‘_ஜிஏ’வுக்கு கூகுள் வைக்கும் கெடு வழக்கமாக 2 ஆண்டு, சில பிரவுசர்கள் அதைக் குறைத்தாலும் தானாக உடனே போகாது, எனவே மனம் மாறியவரிடமிருந்து அதை ஸ்கிரிப்ட் மூலம் அழிக்கவும் வேண்டும். வெளி டொமைன் போட்ட குக்கியை உங்களால் அழிக்க முடியாது. ஆகவே முதலிலேயே விழாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி.

எல்லாம் முடித்ததும் ‘மறுக்கிறேன்’ அழுத்திவிட்டு, வீடியோவும் மேப்பும் உள்ள பக்கங்களுக்கும் போய் நெட்வொர்க் பகுதியை மறுபடி பாருங்கள். தொடர்புப் படிவத்தையும் ஒருமுறை அனுப்பிப் பாருங்கள், அனுப்புகிறவர் மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ச்சா தடைபட்டுப் படிவமே போகாமல் நிற்பதுண்டு. பிளகின் அப்டேட் வரும்போதெல்லாம் இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.