பாரமா, பாரம் இருந்த இடமா?

கேள்வி: 1628ஆம் ஆண்டு முதல் பயணத்திலேயே மூழ்கிய 'வாசா' போர்க்கப்பலை ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் குடும்பத்துடன் பார்த்தோம். பீரங்கிகளின் பாரம் கூடியதால்தான் அது கவிழ்ந்ததா? 333 ஆண்டுகள் நீருக்குள் கிடந்த மரம் மட்காமல் இருப்பது எப்படி?
- வாசகர், தோ பாயோ

பதில்: பாரம் கூடியதைவிட, அது இருந்த இடமே கேடு விளைவித்தது. சாங்கியிலிருந்து புலாவ் உபின் செல்லும் படகில் ஒருவர் எழுந்து நின்றாலே படகு தள்ளாடுவதை உணர்ந்திருப்பீர்கள். எடை கூடவில்லை, மேலே ஏறியிருக்கிறது. வாசாவில் இரண்டு தளங்களில் பெரும் பீரங்கிகளை நிறுத்தினார்கள், கப்பல் முழுவதிலும் மொத்தம் 64 பீரங்கிகள். அவற்றைத் தாங்குவதற்காக மேலே இழைத்த தடித்த விட்டங்களும் பலகைகளும், பீரங்கிகளைக் காட்டிலும் கப்பலைத் தலைகனக்கச் செய்தன. அடிவயிற்றில் போட்டிருந்த சுமார் 120 டன் கல் போதவில்லை. மேலும் போட்டிருந்தால் கீழ்த்தளப் பீரங்கித் துவாரங்கள் நீர்மட்டத்தை நெருங்கியிருக்கும்.

கப்பல் நிலையாக நிற்குமா என்று கணக்கிட்டறியும் முறை அக்காலத்தில் இல்லை. தச்சர்கள் அனுபவத்தில் கண்ட அளவுகளையே நம்பினார்கள். ஆயினும் அறியாமையை மட்டும் குறைகூற என் மனம் ஒப்பவில்லை. கரையோரம் கட்டி நிறுத்தியிருந்த கப்பலின் தளத்தில் முப்பது பேரைப் பக்கத்துக்குப் பக்கம் ஓடவிட்டுச் சோதித்தபோது, கப்பல் ஆடிய ஆட்டத்தைக் கண்டு, அங்கேயே கவிழ்ந்துவிடும் என்று அஞ்சிக் கடற்படைத் தளபதி கிளாஸ் ஃபிளெமிங் ஓட்டத்தை நிறுத்தச் சொன்னார். பயணத்தை எவரும் நிறுத்தவில்லை. போர்முனையிலிருந்த சுவீடன் மன்னர் குஸ்தாவ் அடோல்ஃப் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் 10ஆம் தேதி, ஏறக்குறைய 1,300 மீட்டரே சென்ற கப்பல் காற்றில் சாய, திறந்திருந்த கீழ்த்தளத் துவாரங்கள் வழியே கடல் உள்ளே புகுந்தது. சுமார் முப்பது பேர் மாண்டார்கள். விசாரணையில் கப்பலைக் கட்டியவர்கள், மன்னர் ஒப்பிய அளவுகளின்படியே கட்டினோம் என்றார்கள், எவரும் தண்டிக்கப்படவில்லை.

மரம் பிழைத்ததற்குக் கடலே காரணம். நம் சிங்கப்பூர்க் கடலில் கிடந்திருந்தால் கப்பற்புழு அதைத் துளைத்துத் தின்றிருக்கும். பால்டிக் கடலின் குறைந்த உப்பில் அந்தப் புழு வாழ்வதில்லை. 1961 ஏப்ரல் 24ஆம் தேதி மேலே வந்த கப்பலை உடனே உலரவிட்டிருந்தால் மரம் சுருங்கி வெடித்திருக்கும். ஆகவே மரத்திலுள்ள நீரின் இடத்தைப் பிடிக்கும் மெழுகு போன்ற பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலை 17 ஆண்டுகள் தெளித்தார்கள்.

வாசாவுக்குப் பின் 1629இல் முடிந்த அதன் உடன்பிறப்பான 'ஏப்லெட்' கப்பலைத் தச்சர்கள் சற்று அகலமாகக் கட்டினார்கள். அது முப்பது ஆண்டுகள் கடற்படையில் இருந்தது.