சொல்லிக் கொடுக்கும்போது என்ன கொடுக்கிறோம்? வாசகர் கேள்வி – பதில்

சம்பளம் வாங்காமல் பிறருக்குப் பாடம் சொல்லித் தருபவர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வாரத்தில் இரண்டு மாலை பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். "உன் படிப்பை விட்டுட்டு ஊருக்கு உழைக்கிறியே" என்று வீட்டில் கோபப்படுகிறார்கள். இதனால் என் படிப்பு கெடுமா?

பதில்: நேரம் போகத்தான் செய்யும், அதை வீட்டில் ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு ஈடாக வருவதும் உண்டு. நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் இதற்கு ஒரு பங்குக் கணக்கே போட்டிருக்கிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் புலமையில் கால் பங்குதான் கைக்கு வரும். உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால் வரும். மிச்சமுள்ள அரைப் பங்கு, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். யாரும் அளந்து பார்த்துச் சொன்ன எண்கள் இல்லை இவை. ஆனாலும் 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனை இதே பக்கம்தான் சாய்கிறது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். சொல்லிக் கொடுப்பவர் செய்வதும் நினைவிலிருந்து எடுப்பதுதானே.

ஆகவே புத்தகத்தைக் கையில் வைத்து வாசித்துக் காட்டினால் உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. முந்தின நாள் இரவு, சொல்லப்போவதை ஒரே தாளில் புத்தகம் பார்க்காமல் எழுதுங்கள். முட்டி நிற்கிற இடத்தில் ஒரு வரி இடம் விட்டுவிட்டு மேலே போங்கள். எழுதி முடித்த பிறகு அந்த இடங்களுக்கு மட்டும் புத்தகத்தைத் திறந்தால் போதும். வகுப்பு முடிந்ததும், பிள்ளைகள் கேட்டு நீங்கள் தடுமாறிய கேள்வியைக் குறித்து வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்புக் கணக்கு சொல்லித் தருவதால் உங்கள் மூன்றாம் ஆண்டுப் பாடம் தானாக வந்துவிடாது. இரண்டு மாலையில் ஒன்றை, உங்கள் துறையிலேயே முதலாண்டு படிக்கும் ஒருவருக்குக் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: நான் தெளிவாகத்தான் விளக்குகிறேன். பிள்ளைகளும் "புரிஞ்சுது" என்கிறார்கள். மறுநாள் கேட்டால் ஒன்றும் தெரியவில்லை. எங்கே தப்பு?

பதில்: நமக்குத் தெளிவாக இருப்பது எதிரில் இருப்பவருக்கும் தெளிவாக இருக்கும் என்று நம்பிவிடுகிறோம், அங்கேதான் தப்பு. 1990இல் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வாளர் ஸ்டான்ஃபோர்டில் ஒரு சோதனை செய்தார். ஒருவர் தெரிந்த பாட்டின் தாளத்தை மேசையில் தட்ட வேண்டும், கேட்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். தட்டியவர்கள் பாதிப் பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று கணித்தார்கள். 120 பாட்டில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுகிறவர் மனசுக்குள் மெட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்பவர் காதில் விழுவது வெறும் தட்டல்.

நன்னூல், பாடம் சொல்வதை 'ஈதல்' என்றே குறிக்கிறது. அவசரப்படாமல், கோபப்படாமல், முகம் மலர்ந்து, கொள்பவர் எந்த வகையில் கொள்வார் என்று தெரிந்துகொண்டு கொடுக்கச் சொல்கிறது. கடைசியில் சொன்ன அந்த ஒன்றில்தான் பெரும்பாலான நல்ல மனசுக்காரர்களும் சறுக்குகிறார்கள்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 402இலிருந்து 178ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பிள்ளை 376 என்று எழுதுகிறது. நாம் உடனே பென்சிலை வாங்கி, "இங்கே கடன் வாங்கணும்மா" என்று போட்டுக் காட்டிவிடுவோம். பிள்ளை தலையாட்டும். நாளைக்கும் அதே தப்பு வரும், ஏனென்றால் அது கவனக்குறைவால் வந்த தப்பே இல்லை. ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது: 8இல் 2 போனால் 6, 7இல் 0 போனால் 7, 4இல் 1 போனால் 3. அதன் மனசில் ஒரு விதி இருக்கிறது, அந்த விதிப்படி ஒழுங்காகவே செய்திருக்கிறது. விதியை மாற்றாமல் விடையைத் திருத்தி என்ன பயன்?

முதலில், "இதை எப்படிப் போட்டே? எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். மிரட்டுகிற குரலில் கேட்டால் அழித்துவிடும். உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேளுங்கள். அப்புறம் குச்சிக் கட்டுகளை எடுங்கள். நூறு குச்சிக் கட்டு நான்கு, உதிரிக் குச்சி இரண்டு. இதிலிருந்து எட்டு உதிரி கொடு என்றால் பிள்ளையால் கொடுக்க முடியாது. பத்துக் கட்டைப் பிரிக்கலாமா என்றால் அதுவும் இல்லை. வேறு வழியில்லாமல் ஒரு நூறு கட்டைப் பிரித்துப் பத்துப் பத்தாகக் கட்டும், அதில் ஒரு கட்டை உதிரியாக்கும். இப்போது கையில் 3 நூறு, 9 பத்து, 12 உதிரி. கழித்தால் 224. அதோடு 178ஐக் கூட்டி 402 வருகிறதா என்று அதுவே சரிபார்க்கட்டும். நூறு கட்டைப் பிரிக்கிற கை பிள்ளையின் கையாக இருக்க வேண்டும். எவ்வளவு நேரமானாலும் உங்கள் கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கவும் பழக வேண்டும். மேரி பட் ரோ என்ற கல்வியாளர் வகுப்புகளைக் கவனித்ததில், ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருந்தது ஒரு நொடி அளவுதான் என்று கண்டார். மூன்று நொடியோ அதற்கு மேலோ காத்திருந்தபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பேசாமலே இருந்துவிடுவது குறைந்தது. மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். ஆரம்பத்தில் அந்த மௌனம் சங்கடமாகத்தான் இருக்கும்.

"புரிஞ்சுதா?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். "நான் ஒரு தப்பு பண்ணியிருக்கேன், எங்கேன்னு கண்டுபிடி" என்று தப்பான கணக்கு ஒன்றைப் போட்டுக் கொடுங்கள்.

கேள்வி: ஒரு நண்பருடன் சேர்ந்து தினமும் மாலை இருபது பிள்ளைகளுக்கு வகுப்பு தொடங்கினோம். மூன்றே மாதத்தில் நின்றுவிட்டது. மறுபடி தொடங்க ஆசை. எப்படித் தொடங்குவது?

பதில்: தினமும், இருபது பேர், இரண்டே ஆசிரியர் என்றால் வேலையும் குடும்பமும் உள்ளவர்களால் தாக்குப்பிடிக்க முடியாது. நின்றுபோன வகுப்பால் பிள்ளைகளுக்கு நேரும் இழப்பும் சிறிதில்லை. நம்மை நம்பி வந்து உட்கார்ந்தவர்களுக்கு, காரணம் சொல்லாமல் நாம் காணாமல் போவது வலிக்கும்.

இந்த முறை வாரம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம், ஆசிரியர் ஒருவருக்கு நான்கைந்து பிள்ளைகள், மொத்தம் 12 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிகிற தேதியை முதல் நாளே பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள். பன்னிரண்டாம் வாரம் முடிந்ததும் இரண்டு வாரம் ஓய்வு எடுத்து, தொடர்வதா வேண்டாமா என்று யோசியுங்கள். இன்னும் செய்யலாமே என்று தோன்றுகிற அளவிலேயே நிறுத்திக்கொள்வதுதான் நீண்ட நாள் ஓடும்.

ஒரு பொது நோட்டு வையுங்கள். அதில் தேதி, எந்தப் பக்கத்தில் நிறுத்தினோம், எந்தப் பிள்ளை எந்த வகைத் தப்பு செய்கிறது, இந்த மூன்றும் இருந்தால் போதும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர் நோட்டைப் பார்த்துத் தொடரலாம். விலகுவதாக இருந்தால் மூன்று வாரம் முன்பே சொல்லி, அடுத்து வருபவரை இரண்டு வகுப்பில் கூடவே உட்கார வையுங்கள். வகுப்பு நாலு பேர் பார்வை படுகிற இடத்தில் நடக்கட்டும். எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்க வேண்டாம். நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த விதி வேண்டும்.

கேள்வி: வகுப்புப் படங்களைப் பகிர்ந்தால் இன்னும் பலர் உதவ வருவார்களே. போடலாமா?

பதில்: பிள்ளைகளின் முகம் வேண்டாம். கரும்பலகையை, குச்சிக் கட்டுகளை, நோட்டின் ஒரு பக்கத்தைப் பெயர் தெரியாமல் போடுங்கள். உதவி வாங்கிய படம் பின்னாளில் பள்ளியில் கேலிக்குக் காரணமானால், அந்தப் பிள்ளை அதன்பிறகு உங்கள் பக்கமே வராது.

கேள்வி: ஓய்வு பெற்ற பிறகு, எழுத்தே தெரியாத ஒரு அம்மாவுக்குப் படிக்கக் கற்றுத் தருகிறேன். என்னைவிட மூத்தவர். நான்கு நாள் வந்தார், இப்போது ஏதாவது சாக்குச் சொல்லி வருவதில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அவருக்குச் சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள், அது கூச்சமாக இருக்கலாம். திருப்பித் தர முடியாத ஒன்றைத் தொடர்ந்து வாங்கிக்கொண்டே இருப்பது பெரியவர்களுக்குப் பாரம். அவர் தருவதற்கும் ஏதாவது இருக்கட்டும். அவருக்குத் தெரிந்த கைவேலையோ மருந்துச் செடியோ பழைய பாட்டோ, ஒன்றை உங்களுக்குச் சொல்லித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்டதை அவர் கண் முன்னால் எழுதிக்கொள்ளுங்கள், பிறகு அதையே அவருக்குப் பாடமாக்கலாம். தம் வாயிலிருந்து வந்த சொற்கள் என்பதால் எளிதில் பிடிபடும்.

எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளைகளின் படப் புத்தகம் வேண்டாம். உயிரெழுத்து வரிசையை ஒப்பிக்க வைக்காமல் ட, ப, ம என்ற மூன்றில் தொடங்கினால் படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் நாளே முழுச் சொற்களைப் படித்துவிடுவார். ஒரு தடவைக்கு அரை மணி நேரம் போதும். கண் கூசுகிறதா, எழுத்து மங்கலாகத் தெரிகிறதா என்றும் கேளுங்கள். கண்ணாடி இல்லாததே தடையாக இருந்துவிடலாம்.

கையெழுத்துப் போடுவதை இரண்டாம் வாரமே தொடங்குங்கள். முதலில் பக்க அகலத்துக்குப் பெரிதாகத் தம் பெயரை எழுதட்டும். பிறகு கட்டம் போட்டு, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சுருக்குங்கள். படிவங்களில் கையெழுத்துக்கு விடுகிற இடம் பெரும்பாலும் சிறியதுதான். அங்கே பெயர் அடங்காமல் போனால், பதற்றத்தில் அவர் மறுபடி பெருவிரலை மையில் வைத்துவிடுவார்.