காசு முடிந்தது, பயன் வந்ததா? – கேள்வி பதில்

அரச செலவைப் பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலுள்ள நம் பகுதி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு, கணக்காய்வுத் துறையிலிருந்து ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவர் சொன்ன பதில்கள்.

கிரானிலிருந்து: ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் நிதி முன்னேற்றம் கிட்டத்தட்ட நூறு வீதம் என்றார்கள். நல்ல செய்திதானே ஐயா?

காசு செலவாகிவிட்டது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை, தம்பி. பக்கத்து நிரலில் வரும் பௌதிக முன்னேற்றமும் வேலை எந்த அளவில் நிற்கிறது என்று மட்டும்தான் சொல்லும். கணக்காய்வில் மூன்றைப் பார்ப்போம். நியாயமான விலைக்கு வாங்கினோமா என்பது சிக்கனம். கொடுத்த காசுக்கு எவ்வளவு வேலை எடுத்தோம் என்பது வினைத்திறன். நினைத்த பலன் கிடைத்ததா என்பது விளைதிறன். பெரும்பாலும் கோட்டை விடுவது மூன்றாவதில். ஒலுவில் துறைமுகத்தை டென்மார்க் கடனில் கட்டி 2013இல் திறந்தார்கள். வாயை மண் மூடிப் படகுகள் தவித்தன. ஒலுவில், நிந்தவூர்க் கரையைக் கடல் அரித்தது. கட்டுமானம் தரமானதா என்பதெல்லாம் அப்புறம் கேட்கவேண்டிய கேள்வி.

கொக்கட்டிச்சோலையிலிருந்து: அந்தப் பலனை எப்படி அளப்பது?

2014இல் ஜப்பான் உதவியில் மண்முனைப் பாலம் திறக்கும்வரை பாதை என்கிற மிதவையில் ஏறித்தானே வாவியைக் கடந்தீர்கள்? துறையில் காத்திருந்த நேரம், நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எடுத்த நேரம், நெல் ஏற்றுகூலி. இவற்றைப் பாலத்துக்கு முன்னும் பின்னும் அளந்தால் போதும். நம்மவர்கள் ‘முன்’ கணக்கை எழுதி வைப்பது அரிது. பயனாளிகள் என்ற இடத்தில் ஊர்ச் சனத்தொகையை அப்படியே போட்டுவிடுவார்கள்!

வெல்லாவெளியிலிருந்து: எங்கள் உள்வீதிகளை மழைக்குள்ளேயே போடுகிறார்களே, ஏன்?

நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பர் 31இல் முடிகிறது. அதற்குள் செலவழிக்காத ஒதுக்கீடு காலாவதி. அனுமதி, மதிப்பீடு, கேள்விமனு (டெண்டர்) எல்லாம் ஊர்ந்து வந்து ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது ஒக்டோபர் ஆகிவிடும். கொழும்புக்கு அது இன்னொரு மாதம், நமக்கு மாரி. வயலெல்லாம் தண்ணீர் நிற்கும்போது கிரவல் கொட்டி ரோலர் ஓட்டினால் எது நிற்கும்? தை பிறக்கும்போது குழி. போட்டதற்கு ஒருமுறை, திருத்தியதற்கு இன்னொருமுறை என்று காசு போகும். இதில் யாரும் களவெடுக்கவே தேவையில்லை, கலண்டரே தின்றுவிடும். மதிப்பீட்டையும் கேள்விமனு ஆவணங்களையும் முந்திய ஆண்டே தயாராக்கி, சித்திரை கழிந்ததும் வேலையைத் தொடங்கினால் பாதிச் சேதம் குறையும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

ஏறாவூரிலிருந்து: குறைந்த விலை கேட்டவருக்குக் கொடுத்தால் சிக்கனம்தானே?

விதியே அப்படிச் சொல்லவில்லை. நிபந்தனைகளுக்குப் பொருந்திய மனுக்களை மதிப்பிட்டு, அவற்றுள் குறைந்ததை எடு என்கிறது. பொறியியலாளர் மதிப்பீட்டுக்கு மிகவும் கீழே ஒருவர் கேட்டால், எதில் மிச்சம் பிடிப்பார் என்று கேளுங்கள். சீமெந்திலாக இருக்கலாம்.

திருக்கோவில் ஆசிரியை: பாடசாலையைப் பரீட்சைப் பெறுபேற்றால் மட்டும் அளப்பது சரியா, சேர்?

மட்டும் என்றால் சரியில்லை, தங்கச்சி. சித்தி வீதத்தையே இலக்காக வைத்தால், பலவீனமான பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பாமலே அதை ஏற்றிவிடலாம். பிரித்தானியப் பொருளியலாளர் சார்ள்ஸ் குட்ஹார்ட் 1975இல் பணக் கொள்கை பற்றிச் சொன்னது இங்கும் பொருந்தும்: ஓர் அளவைப் பிடித்துக் கட்டுப்படுத்தப் போனால் அந்த அளவு பிசகத் தொடங்கும்.

அக்கரைப்பற்றிலிருந்து: எங்கள் ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போட்டார்கள். கணக்கை நானே பார்க்கலாமா?

தாராளமாக. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. “ஊழல் நடந்ததா?” என்று எழுதினால் ஒன்றும் வராது. மதிப்பீடு, ஒப்பந்தம், அளவீட்டுப் பதிவு, கொடுப்பனவு வவுச்சர் என்று பெயர் சொல்லிப் பிரதி கேளுங்கள். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவுசெய்ய வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அந்த நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பிரதி கிடைத்ததும் நீளம், அகலம், ஓரத்துத் தடிப்பு மூன்றையும் அளந்து ஒப்பிடுங்கள். அயல்வீட்டுக்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், டேப்பின் மற்ற முனையைப் பிடிக்க ஆள் வேண்டும்.