வாசகர் கேள்வி – பதில்: லத்தீனில் உடம்பு தேறுவது

கேள்வி: லத்தீன் பாடக் குறிப்பில் ‘கொன்வலேஸ்கோ’, ‘சானோ’ இரண்டுக்கும் ‘குணமாகு’ என்றே பொருள் போட்டிருக்கிறது. ஒன்றுக்குப் பதில் மற்றதை எழுதினால் தப்பு என்கிறார்கள். என்ன வித்தியாசம்?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: குறிப்புதான் குழப்புகிறது. நம் பக்கத்துத் ‘தேறு’, ‘தேற்று’ இரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். ‘தாத்தா தேறிட்டாவ’ என்றால் அது கொன்வலேஸ்கோ. நோயாளிதான் எழுவாய், செயப்படுபொருள் வராது. வைத்தியர் ஒருவரைக் குணமாக்கினால் சானோ. ‘மெதிகுஸ் மே சானாவித்’, அதாவது ‘வைத்தியர் என்னைக் குணப்படுத்தினார்’ என்பது சரியான வாக்கியம். அங்கே கொன்வலேஸ்கோவைப் போட்டால் ‘வைத்தியர் என்னைத் தேறினார்’ என்றாகிவிடும். சானோவுக்குச் செயப்பாட்டு வினையும் உண்டு. லத்தீன் பூசையில் நற்கருணைக்கு முன் சொல்லும் ‘சானாபிதூர் அனிமா மேயா’ (என் ஆன்மா குணமாக்கப்படும்) அதுதான்.

சொல்லைப் பிரித்தால் இலக்கணம் தானாக விளங்கும். ‘வலெயோ’ என்றால் வலுவோடு இருக்கிறேன். அதில் ‘ஸ்க்’ சேர்ந்த ‘வலேஸ்கோ’, வலுப்பெறத் தொடங்குகிறேன். முன்னால் வரும் ‘கொன்’ இங்கே ‘நன்றாக, முழுக்க’ என்று அழுத்தம் கொடுக்கிறது. ஆக, கொன்வலேஸ்கோ குறிப்பது ஒரு நிலையை அல்ல, நடந்துகொண்டிருக்கும் மாற்றத்தை. ‘செனேஸ்கோ’ (முதுமை அடைகிறேன்) போன்ற வினைகளிலும் இதே ‘ஸ்க்’தான்.

மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் காலம். ‘ஸ்க்’ நிகழ்காலத்திலும் எதிர்காலத்திலும் தொடர் இறந்தகாலத்திலும் மட்டுமே நிற்கும். முற்றிய இறந்தகாலத்தில் உதிர்ந்துவிடும்: ‘கொன்வலுயி’ (தேறிவிட்டேன்), ‘கொன்வலுயித்’ (தேறிவிட்டார்). ‘கொன்வலேஸ்குயி’ என்றொரு வடிவமே கிடையாது. எதிர்காலத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. வலெயோ இரண்டாம் வாய்பாடு (வினை திரியும் முறை), அதன் எதிர்காலம் ‘வலேபோ’. அதைப் பார்த்து ‘கொன்வலேஸ்கேபோ’ என்று எழுதிவிடுகிறார்கள். கொன்வலேஸ்கோ மூன்றாம் வாய்பாடு. ‘கொன்வலேஸ்கம், கொன்வலேஸ்கேஸ், கொன்வலேஸ்கெத்’ என்றுதான் போகும். ‘கொன்வலேஸ்கிஸ்’ என்றால் தேறுகிறாய், ‘கொன்வலேஸ்கேஸ்’ என்றால் தேறுவாய். ஓர் உயிரெழுத்தில் காலமே மாறிவிடும்.

இன்னொன்று. ‘தேறிய மனிதர்’ என்று இறந்தகாலப் பெயரெச்சம் வைத்து எழுத இந்த வினையில் வழியில்லை. ‘க்வி கொன்வலுயித்’, அதாவது ‘எவர் தேறினாரோ அவர்’ என்று சுற்றித்தான் எழுத வேண்டும்.

கேள்வி: 2020-இல் கொரோனா சிகிச்சையில் அடிபட்ட ‘கான்வலசென்ட் பிளாஸ்மா’ இந்தச் சொல்தானா?
– வாசகி, வள்ளியூர்

பதில்: இதேதான். ‘கொன்வலேஸ்கேன்ஸ்’ என்ற நிகழ்காலப் பெயரெச்சத்தில் இருந்து வந்தது, பொருள் ‘தேறிக்கொண்டிருப்பவர்’. பிளாஸ்மா கொடுத்தவர்களோ நோய் முழுதும் நீங்கியவர்கள். லத்தீன் வாத்தியார் பார்த்தால் மதிப்பெண் குறைத்திருப்பார்.

கேள்வி: ‘நோயில் இருந்து’ என்பதற்கு ‘எக்ஸ்’ போடுவதா, ‘தே’ போடுவதா? இரண்டையும் பார்க்கிறேன்.
– வேதியர், வடக்கன்குளம்

பதில்: இரண்டும் சரி, எந்தக் காலத்து லத்தீன் என்பதுதான் விஷயம். கி.மு. முதல் நூற்றாண்டு ரோமப் பேச்சாளர் சிசரோவின் நடையில் ‘எக்ஸ் மோர்போ’. விவிலியத்தின் லத்தீன் மொழிபெயர்ப்பான வுல்காத்தாவில் ‘தே’. ஏசாயா 38:9-இல் எசேக்கியா அரசர் நோயுற்றுத் தேறியதைச் சொல்லும் இடத்தில் ‘கொன்வலுயிஸ்ஸெத் தே இன்ஃபிர்மிதாதே’ என்று வருகிறது. எபிரேயர் 11:34-இலும் ‘தே’தான். எதைப் போட்டாலும் அடுத்த பெயர்ச்சொல் நீங்கல் வேற்றுமையில் இருக்க வேண்டும்: மோர்புஸ் அல்ல, மோர்போ.

சிசரோவின் வாக்கியத்தையும் சொல்லிவிடுகிறேன், அது ருசியானது. விதியைப் பற்றிய நூலில் சோம்பேறிகளின் வாதம் ஒன்றை எடுத்துக்காட்டுகிறார்: இந்த நோயில் இருந்து தேறுவது உன் விதியானால், வைத்தியரை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் ‘கொன்வலேஸ்கேஸ்’, தேறிவிடுவாய். பிறகு எதற்கு வைத்தியர்? இதற்குக் கிரேக்க அறிஞர் கிரிசிப்பஸ் தந்த மறுமொழியும் அங்கேயே இருக்கிறது: தேறுவது விதி என்றால் வைத்தியரை அழைப்பதும் அதே அளவு விதிதான். ‘எல்லாம் தலையெழுத்து’ என்று மாத்திரையை ஒதுக்கி வைப்பவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: சட்டப் புத்தகத்தில் ஒரு லத்தீன் விதி கொன்வலேஸ்கெரே என்று முடிகிறது. நோய்க்கும் சட்டத்துக்கும் என்ன தொடர்பு?
– சட்ட மாணவி, திருநெல்வேலி

பதில்: ரோமச் சட்ட அறிஞர் பவுலுஸ் எழுதியது. கி.பி. 533-இல் பேரரசர் ஜஸ்டீனியன் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் இருக்கிறது. தொடக்கத்திலேயே பழுதுபட்டது காலம் போகப் போகச் செல்லுபடியாகிவிட முடியாது என்பது கருத்து. ‘வலெயோ’வுக்குச் ‘செல்லுபடியாகும்’ என்ற பொருளும் உண்டு. அதனால் இங்கே கொன்வலேஸ்கெரே ‘செல்லுபடி பெறுதல்’. நம் நாட்டு உதாரணம்: மைனர் செய்துகொண்ட ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்று 1903-இல் பிரிவி கவுன்சில் (அன்று இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றம்) மொகோரி பீபி வழக்கில் தீர்த்தது. அவருக்குப் 18 வயது ஆனபின் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று எழுதிக்கொடுத்தாலும் பழைய ஒப்பந்தத்துக்கு உயிர் வராது. புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

கேள்வி: ஓவிட் கவிதையில் ‘மாலா… கொன்வலுவேரே’ என்று வருகிறது. மாலா என்றால் தீமைகள். தீமைகள் எப்படிக் குணமாகும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்பாசமுத்திரம்

பதில்: குணமாகவில்லை, வலுத்துவிட்டன. தொடக்கத்திலேயே தடு, நெடுநாள் தாமதத்தில் நோய் வலுத்தபின் மருந்து தாமதம் என்கிறார். அடிப்படைப் பொருள் ‘வலுப்பெறு’ என்பதால் எழுவாயைப் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும். நோயாளி வலுப்பெற்றால் தேறினார். நோய் வலுப்பெற்றால் முற்றியது. ‘கொன்வலுவேரே’ என்பதை வினைப்பெயர் என்று எண்ணிவிடாதீர்கள். ‘கொன்வலுவேருந்த்’ என்பதன் செய்யுள் வடிவம், படர்க்கைப் பன்மை.

கேள்வி: லத்தீன் கற்றுத்தந்த சாமியார் உடம்பு சரியில்லாமல் இருக்காவ. லத்தீனிலேயே இரண்டு வரி எழுதி அனுப்ப வேண்டும்.
– முன்னாள் குருமட மாணவர், சேரன்மகாதேவி

பதில்: ‘ஒப்தோ உத் கிதோ கொன்வலேஸ்காஸ்’, நீங்கள் விரைவில் தேற வேண்டும் என்று விரும்புகிறேன். ‘உத்’ வந்ததால் கடைசியில் ‘காஸ்’தான் வரும், ‘கேஸ்’ என்று போட்டுவிடாதீர்கள். மரியாதைக்காகப் பன்மையாக்க வேண்டாம், பழைய லத்தீனில் ஒருவரை ஒருமையில்தான் விளிப்பார்கள். முடிவில் ‘கூரா உத் வலெயாஸ்’ (உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்) என்று எழுதுங்கள். சிசரோ கடிதங்களில் எழுதிய தொடர். தொடக்கத்துக்கு நம் ‘நலம், நலமறிய ஆவல்’ போல ரோமருக்கும் ஒன்று இருந்தது: ‘சி வலேஸ், பெனே எஸ்த், எகோ வலெயோ’ (நீ நலமென்றால் நல்லது, நான் நலம்). படுத்திருப்பவருக்கு அது பொருந்தாது, விட்டுவிடுங்கள். வாசித்துக் காட்டுவதானால் கத்தோலிக்கக் கோயில் உச்சரிப்பில் ‘கிதோ’ சீதோ ஆகும். கொன்வலேஸ்காஸில் ‘ஸ்’க்குப் பின் ‘கா’ வருவதால் மாற்றமில்லை. ‘கே’, ‘கி’ வரும் வடிவங்களில் மட்டும் ‘ஸ்க்’ என்பது ‘ஷ’ ஆகும்: கொன்வலேஷெரே.